அண்ணே, இன்னிக்குக் கடல்ல இறங்கலாமா?

செமஸ்டரின் கடைசி பேப்பரைக் கொடுத்துட்டு ஹாலை விட்டு வெளியே வர்ற அந்த அஞ்சு நிமிஷத்துல, தமிழ்நாட்டுக் கல்லூரிகள் எல்லாத்துலயும் ஒரே ஒரு தீர்மானம் ஏகமனதா நிறைவேறும். எதிர்ப்பு ஓட்டே கிடையாது.

"மச்சி... பாண்டி போறோம்!"

அதுக்கப்புறம் பிளான் பறக்கும். எத்தனை பேர், யார் பைக், எந்த ரூம், குரூப் போட்டோவுக்கு என்ன கலர் டி-ஷர்ட், வீட்ல என்ன பொய்... ஒவ்வொண்ணுக்கும் ஒரு கமிட்டி போட்டுப் பேசுவீங்க. பேசாம விடுறது ஒரே ஒரு ஐட்டம்தான். கடல்! யாரைப் பார்க்கப் போறோமோ அவரைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசறதில்லை. 'அங்கே போனா அது இருக்கும், குதிக்க வேண்டியதுதான்'னு விட்டுடறோம்.

இந்த வாரம் பிளானை அந்தப் பக்கத்துலேர்ந்து போடுவோம், சரியா?

பிளாக்பூல் சீட்டு

கடற்கரைக்கு டூர் போறதை ஒரு கலையாவே வளர்த்தவங்க இங்கிலாந்துக்காரங்க. பிளாக்பூல்னு ஒரு ஊர். லங்காஷயர் பருத்தி மில் தொழிலாளர்களோட சொர்க்கம். 1846-ல ரயில் வந்தது. 1863-ல கடலுக்குள்ள நீட்டி முதல் பாலம் கட்டினாங்க. காத்து வாங்கிக்கிட்டே கடல்மேல நடக்கலாம். 1894-ல ஈஃபிள் டவரைப் பார்த்து ஒரு டவரும் கட்டிட்டாங்க.

கோடை வந்தா ஒவ்வொரு மில் ஊரும் ஒரு வாரம் மொத்தமா இழுத்து மூடும். ஒரு ஊருக்கு இந்த வாரம், பக்கத்து ஊருக்கு அடுத்த வாரம். தெருவே காலியாகி ரயிலேறும். ஆனா ஒரு சிக்கல். அந்த ஒரு வாரத்துக்குப் பெரும்பாலானவங்களுக்குச் சம்பளம் கிடையாது! சம்பளத்தோட லீவுன்னு அங்கே சட்டம் வந்ததே 1938-லதான். அதனால வருஷம் பூரா வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா கிளப்ல காசு கட்டி, லீவுக்கு முன்னாடி மொத்தமா வாங்கிப்பாங்க.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம தீபாவளிச் சீட்டேதான்!

நீங்களும் இதைச் செய்யலாம். ஆறு பேர், தலைக்கு வாரம் 100 ரூபாய், 12 வாரம். கையில 7,200 ரூபாய். ஊருக்குக் கிளம்புற அன்னிக்குக் காலையில ஜி.பே.யில ஆள் ஆளுக்குக் கடன் கேட்டு நட்பைக் கெடுத்துக்க வேண்டாம். கூடவே ஒரு டிப்ஸ்: பாண்டியில சனி, ஞாயிறு ரூம் வாடகை எகிறும். எக்ஸாம் முடிஞ்சவங்களுக்கு செவ்வாயும் ஒண்ணுதான், சனியும் ஒண்ணுதான். வார நடுவுல போங்க.

லீவுங்கறது சும்மா வந்த சமாசாரம் இல்லைங்கறதுக்கு பாண்டியே சாட்சி. இதுவும் ஒரு காலத்துல மில் ஊர்தான். 'எட்டு மணி நேரம்தான் வேலை செய்வோம்'னு போராடின தொழிலாளர்கள் மேல 1936 ஜூலை 30 அன்னிக்குத் துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் செத்துப் போனாங்க. அடுத்த வருஷமே பிரெஞ்சு அரசு எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்கினது. நாம ஜாலியா 'ஹாலிடே'ன்னு சொல்ற வார்த்தைக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு. அதை ரெண்டு நிமிஷ அசட்டுத்தனத்துல தொலைக்கலாமா?

கையைப் பிடிச்சு முக்கி எடுத்த அம்மாக்கள்

இங்கிலாந்துக்காரங்ககிட்ட இன்னொரு சுவாரஸ்யமும் இருக்கு. அங்கே கடல்ல குளிக்கறது முதல்ல ஜாலிக்காக இல்லை, மருந்துக்காக! 1750-கள்ல ரிச்சர்ட் ரஸ்ஸல்னு ஒரு டாக்டர், 'கடல்ல குளி, கடல் தண்ணியைக் குடி, வியாதி போகும்'னு எழுதிக் கொடுத்தார். பணக்காரங்க எல்லாம் பிரைட்டன் கடற்கரைக்கு வண்டி கட்டிக்கிட்டு வந்தாங்க.

வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு நீச்சல் தெரியாது. அதனால சக்கரம் வச்ச மரக் கூண்டு ஒண்ணு. உள்ளே உட்கார்ந்து டிரஸ் மாத்திக்கணும். குதிரை அதைத் தண்ணிக்குள்ள இழுத்துக்கிட்டுப் போகும். அங்கே உள்ளூர் அம்மா ஒருத்தங்க இடுப்பளவு தண்ணியில நிப்பாங்க. வந்த சீமாட்டியின் கையை இறுக்கிப் பிடிச்சு, அலை வர்ற நேரம் பார்த்து ஒரு முக்கு முக்கி எடுத்து, திரும்பக் கூண்டுல ஏத்தி அனுப்புவாங்க. இதுதான் அவங்க தொழில். மார்த்தா கன்னுங்கற அம்மா இந்த வேலையிலயே பிரைட்டன் முழுக்கப் பிரபலம்.

சிரிப்பா இருக்குல்ல? ஆனா யோசிச்சுப் பாருங்க. நீச்சல் தெரியாதவன் கடல்ல இறங்கணும்னா, அந்தக் கடலைத் தெரிஞ்ச ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்கணும்னு ஒரு ஏற்பாடு இருந்திருக்கு. இன்னிக்கு அந்த வேலையை லைஃப் கார்டும் கொடியும் செய்யுது. பிரிட்டிஷ் கடற்கரைகள்ல சிவப்பு-மஞ்சள் கொடி ரெண்டு நட்டிருந்தா, அதுக்கு நடுவுல மட்டும் குளிக்கலாம். முழுச் சிவப்புக் கொடின்னா காலே வைக்கக் கூடாது.

நம்ம பக்கம் எல்லா மணல்லயும் கொடி கிடையாது, எல்லா இடத்துலயும் லைஃப் கார்டும் கிடையாது. அப்போ நம்ம கையைப் பிடிக்கறது யாரு? அதுக்குக் கனகசெட்டிக்குளம் வரைக்கும் போகணும்.

பாண்டி வந்துடுச்சா, வரலையா?

சென்னையிலேர்ந்து ஈ.சி.ஆர். பஸ்ல, மரக்காணம் தாண்டி வர்றீங்க. புதுச்சேரி மாநிலத்து மண் உங்க கால்ல முதல்ல படற ஊர்களில் ஒண்ணு கனகசெட்டிக்குளம். அடுத்து கணபதிசெட்டிக்குளம், காலாப்பட்டு. 'ஆஹா, பாண்டி வந்துடுச்சு'ன்னு பையைத் தூக்கிடாதீங்க. காலாப்பட்டுப் பக்கத்தைத் தாண்டினா பஸ் திரும்பவும் தமிழ்நாட்டுக்குள்ள நுழைஞ்சு, கோட்டக்குப்பம் வழியா மறுபடியும் பாண்டிக்குள்ள போகும். பிரெஞ்சுக்காரன் காலத்து எல்லைக்கோடு அப்படி!

இந்த வட்டாரமே ஒரு பெரிய கேம்பஸ் மாதிரிதான். 1985-ல தொடங்கின பாண்டிச்சேரி பல்கலைக்கழகம் காலாப்பட்டுலதான் இருக்கு. 2020-ல தொழில்நுட்பப் பல்கலைக்கழகமா மாறின பழைய பாண்டிச்சேரி இன்ஜினியரிங் காலேஜ், சட்டக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி எல்லாம் அக்கம்பக்கத்துலயே. வகுப்பு போரடிச்சா கடல் கூப்பிடுற தூரம். ராக் பீச் கூட்டமும் இல்லை, பலூன் சுடற கடையும் இல்லை. காலியான மணல். 'நமக்கே நமக்குன்னு ஒரு பிரைவேட் பீச், மச்சி!'

இங்கேதான் ஒரு நிமிஷம் நிக்கணும். அது காலி மணல் இல்லைங்க. ஒரு ஊரோட ஆபீஸ்! புதுச்சேரிப் பகுதிக்குக் கடற்கரை மொத்தம் 24 கிலோமீட்டர்தான். வடக்கே கனகசெட்டிக்குளத்துல ஆரம்பிச்சு தெற்கே மூர்த்திக்குப்பம் வரைக்கும் வரிசையா மீனவ கிராமங்கள். நீங்க செல்ஃபிக்கு ஏறி நிக்கற படகு ஒருத்தரோட பல லட்ச ரூபாய் முதலீடு. தாண்டிக் குதிக்கற வலை இன்னொருத்தரோட ஒரு மாச உழைப்பு. உடைச்சுப் போடற பாட்டில், விடியக்காலை மூணு மணிக்கு வெறுங்காலோட படகைத் தள்ளப் போறவர் பாதத்துலதான் ஏறும். 2004 டிசம்பர் 26 அன்னிக்குச் சுனாமி வந்து அடிச்ச கரையும் இதுதான். இந்தக் கடல் என்னவெல்லாம் செய்யும்னு இவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு நம்ம யாருக்கும் தெரியாது.

அதனாலதான் சொல்றேன். உங்க கையைப் பிடிக்கற ஆள் அங்கேயே உட்கார்ந்திருக்கார். வலை பின்னிக்கிட்டிருக்கற அண்ணன். கருவாடு காய வச்சுக்கிட்டிருக்கற அக்கா. கிட்டப் போய் ஒரு வணக்கம் வச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, இன்னிக்குக் கடல்ல இறங்கலாமா?"

'வேணாம் தம்பி, இழுவை ஜாஸ்தியா இருக்கு'ன்னா, அதுக்கு மேல அப்பீல் கிடையாது. 'ஏன்ணே, கடல் அமைதியாத்தானே இருக்கு?'ன்னு வாதாடாதீங்க. ஏன்னா...

அமைதியா இருக்கற இடம்தான் டேஞ்சர்

அலை அலையா தண்ணி கரைக்கு வந்துக்கிட்டே இருக்கே, அது எல்லாம் திரும்பி எப்படிப் போகுது? கரையில சேர்ந்த தண்ணி, மணல் திட்டுகளுக்கு நடுவுல எங்கே பள்ளம் இருக்கோ அந்த வழியைப் பிடிச்சு ஒரு வாய்க்கால் மாதிரி சரசரன்னு கடலுக்குள்ள ஓடும். இதைத்தான் ரிப் கரண்ட்னு சொல்றாங்க.

இதுல கொடுமை என்னன்னா, அந்த வாய்க்கால் இருக்கற இடத்துல ஆழம் அதிகம். அதனால அலை உடையாது. ரெண்டு பக்கமும் வெள்ளை நுரையா அலை புரளும். நடுவுல மட்டும் ஒரு பட்டை, கொஞ்சம் கறுத்த நிறத்துல, சாதுவா இருக்கும். புதுசா வர்றவன் என்ன நினைப்பான்? 'இங்கே அலையே இல்லடா, இங்கே இறங்கலாம்!' கரெக்டா வாய்க்கால்ல போய் இறங்குவான்.

சாதாரணமா இதோட வேகம் நாம நடக்கற வேகத்தைவிடக் குறைவுதான். ஆனா திடீர்னு வினாடிக்கு 2 மீட்டருக்கு மேலயும் போகும். ஒலிம்பிக் நீச்சல் வீரனே எதிர்த்து நீந்த முடியாத வேகம். 'எனக்குக் கிணத்துல நல்லா நீச்சல் தெரியும்'ங்கறவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். கிணறு உங்களை இழுக்காது.

இன்னொண்ணு, கள்ளக்கடல். நம்ம ஊர்ல வெயிலடிக்கும், காத்தே இருக்காது. ஆனா ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி தெற்கு இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச புயலோட அலை நாலஞ்சு நாள் பயணம் பண்ணி வந்து திடீர்னு கரையேறும். திருடன் மாதிரி வர்றதால அந்தப் பேரு. 2024 மே 6 அன்னிக்குக் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்துல லெமூர் கடற்கரையில, மருத்துவப் படிப்பை முடிச்சுப் பயிற்சியில இருந்த 5 பேரை அலை இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. கூடப் படிச்சவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவங்க. இத்தனைக்கும் ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ் நிறுவனம் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்னாடியே கொடுத்திருந்தது. எச்சரிக்கை இருந்தது; அது போய்ச் சேர வேண்டியவங்ககிட்ட போய்ச் சேரலை.

ஊருக்குப் போற வழியில எத்தனை ரீல்ஸ் பார்க்கறோம்? அதுல ரெண்டு நிமிஷத்தை இன்காய்ஸ் இணையதளத்துக்கும் வானிலை அறிக்கைக்கும் ஒதுக்குங்க. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் கடல் டூரே வேண்டாம். அது புயல் சீசன். 2011 டிசம்பர்ல தானே, 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல்னு பாண்டி பார்க்காத புயலா! ஜனவரி கடைசிலேர்ந்து மார்ச் வரைக்கும் வெயிலும் பரவாயில்லை, கடலும் பொதுவா பரவாயில்லை. அப்பவும் அண்ணன்கிட்ட கேட்கறது கட்டாயம்.

மாட்டிக்கிட்டா என்ன பண்றது?

முதல் விஷயம், ரிப் கரண்ட் உங்களைக் கீழே அமுக்காது. வெளியே இழுக்கும், அவ்வளவுதான். ஆள் சாகறது பெரும்பாலும் கரையைப் பார்த்து மூச்சு முட்ட நீந்தி, கை ஓய்ஞ்சு போறதாலதான். அதனால எதிர்த்து நீந்தாதீங்க. மல்லாந்து மிதங்க. ஒரு கையைத் தூக்கி ஆட்டுங்க. தெம்பு இருந்தா கரைக்கு இணையா, பக்கவாட்டுல நீந்துங்க. அந்த வாய்க்கால் அகலம் கம்மிதான். அதை விட்டு வெளியே வந்ததும் அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும்.

ரெண்டாவது, இன்னும் முக்கியமானது. மாட்டினது உங்க ஃப்ரெண்டுன்னா? சினிமாவுல மூழ்கறவன் 'காப்பாத்துங்க... காப்பாத்துங்க...'ன்னு டயலாக் பேசுவான். நிஜத்துல மூச்சு விடவே வாய் பத்தாது, கத்தறது எங்கே? தலை பின்னால சாயும், வாய் தண்ணி மட்டத்துல இருக்கும், சத்தமே வராது. ஒரு நிமிஷத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும். பக்கத்துல நிக்கறவன் அவன் விளையாடறான்னு நினைச்சுப் போட்டோ எடுத்துக்கிட்டிருப்பான்.

அந்த நேரத்துல நட்பு என்ன சொல்லும்? 'குதிடா!'ன்னு சொல்லும். தயவுசெய்து குதிக்காதீங்க. செய்தியில 'மூணு மாணவர்கள் பலி'ன்னு படிக்கறோமே, அதுல பல சமயம் ஒருத்தர் மூழ்கினவர், மத்தவங்க காப்பாத்தப் போனவங்க. மிதக்கற எதையாவது தூக்கிப் போடுங்க. மூடி போட்ட காலி வாட்டர் கேன், டியூப், கயிறு, நீளமா ஒரு துப்பட்டா... எதுவா இருந்தாலும் சரி. ஊர்க்காரங்களைக் கத்திக் கூப்பிடுங்க. அவங்களுக்கு அந்தத் தண்ணி தெரியும். 112-க்கு அடிங்க. கடலோரக் காவல் போலீஸ் 1093, கடலோரக் காவல் படை 1554, ஆம்புலன்ஸ் 108. இந்த நாலு நம்பரையும் இப்பவே போன்ல ஏத்திடுங்க, அப்புறமா படிங்க.

வெளியே எடுத்த ஆளைக் குப்புறப் போட்டு வயித்தை அமுக்கறது, தலையில வச்சுச் சுத்தறது எல்லாம் பழைய சினிமா வைத்தியம். மூச்சில்லாம கிடக்கறவருக்கு வேண்டியது வாயோட வாய் வச்சு மூச்சுக் கொடுக்கறதும் நெஞ்சை அமுக்கறதும். இதைப் படிச்சுக் கத்துக்க முடியாது, கையால செஞ்சு பழகணும். உங்க காலேஜ்ல என்.எஸ்.எஸ்., யூத் ரெட் கிராஸ் இருக்கே, 'ஒரு நாள் முதலுதவிப் பயிற்சி வையுங்க சார்'னு கேளுங்க. 2021-ல மட்டும் உலகத்துல தண்ணியில மூழ்கி இறந்தவங்க சுமார் 3 லட்சம் பேர்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஜூலை 25-ஐ அதுக்கான விழிப்புணர்வு நாளா ஐ.நா. வச்சிருக்கு. பயிற்சிக்குத் தேதியும் கிடைச்சாச்சு!

அப்புறம், பாண்டின்னாலே சிலருக்கு ஞாபகம் வர்ற அந்த 'தண்ணி'. உங்க வயசுக்கு அட்வைஸ் பிடிக்காதுன்னு தெரியும், அதனால ஒரே ஒரு வரி: அந்தத் தண்ணி உள்ளே போயிருந்தா, இந்தத் தண்ணிக்கிட்ட போகாதீங்க. ரெண்டும் சேர்ந்து யாரையும் சும்மா விட்டதில்லை.

குளிக்காட்டியும் அது கடல்தான்

'அப்போ குளிக்கவே கூடாதுங்கறீங்களா?' அப்படிச் சொல்லலை. கடல்னா குளிக்கறது மட்டும்தானா? பாண்டியோட பீச் ரோட்டுல யாராவது குளிக்கறாங்களா? 1836-ல ஏத்தின பழைய கலங்கரை விளக்கம், செஞ்சியிலேர்ந்து வந்த கல் தூண்கள் நடுவுல காந்தி சிலை, சாயங்காலம் வண்டிகளை நிறுத்திட்டு நடக்கறவங்களுக்குன்னு விட்ட ரோடு. இந்த ஒரு நடை போதாதா?

நடக்கும்போது அந்தக் கறுப்புப் பாறைகளையும் கொஞ்சம் பாருங்க. ஒரு காலத்துல அங்கே மணல்தான் இருந்தது. இந்தக் கரையில வருஷத்துல பெரும்பாலான நாள் மணல் தெற்கேர்ந்து வடக்கே நகரும். 1980-கள்ல துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள கல் சுவர் கட்டினதும் அந்த ஓட்டம் தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை கரைஞ்சது. 2018-ல செயற்கைத் திட்டு ஒண்ணைக் கடலுக்குள்ள இறக்கினப்புறம்தான் ஒரு பக்கம் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கு. சிவில் படிக்கறவங்களுக்கு புராஜெக்ட் டாபிக் இலவசம்!

மணல்ல உட்காரணுமா? 2021-ல நீலக்கொடிச் சான்று வாங்கின ஈடன் பீச் சின்ன வீராம்பட்டினத்துல இருக்கு. படகுச் சவாரிக்குச் சுண்ணாம்பாறு. மாசி மகத்துக்குப் போனா வைத்திக்குப்பத்துல ஊர் ஊரா சாமிகள் கடலாட வர்றதைப் பார்க்கலாம். ஆடியில போனா வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சு கவர்னரே வடம் பிடிச்ச தேர் அது.

கனகசெட்டிக்குளத்துக்குப் போனீங்கன்னா விடியக்காலையில போங்க. சூரியன் கடல்லேர்ந்து ஏறும்போது படகுகள் ஒவ்வொண்ணா கரை சேரும். வலையிலேர்ந்து மீனைக் கழட்டறதைப் பாருங்க. பேர் தெரியாத மீனைக் காட்டி 'அக்கா, இது என்ன மீனு?'ன்னு கேளுங்க. போட்டோ எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க. அங்கேயே மீன் வாங்குங்க. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். உங்க லீவும் அப்பத்தான் வரும். மீன் விலை ஏறியிருந்தா பேரம் பேசிச் சண்டை போடாதீங்க.

அடுத்த தடவை குரூப்ல 'பாண்டி பிளான்'னு மெசேஜ் விழும்போது, பைக் யாரு, ரூம் எங்கேங்கற லிஸ்ட்ல இன்னும் மூணு பேரையும் சேர்த்துடுங்க. வானிலை பார்க்கறது ஒருத்தர் பொறுப்பு. தண்ணியில இறங்காம கரையில நின்னு தலைகளை எண்ணிக்கிட்டே இருக்கறது ஒருத்தர் பொறுப்பு. அரை மணிக்கு ஒரு தடவை ஆள் மாத்திக்கலாம். அண்ணன்கிட்ட போய்க் கேட்கறது மூணாமவர் பொறுப்பு. ஆறு பேர் போனா, ஆறு பேரும் அரியர் பேப்பர் எழுத உயிரோட திரும்பி வரணும். அந்தப் பாடத்தை எழுத இன்னொரு சான்ஸ் உண்டு. கடல்ல சப்ளிமென்டரி கிடையாது.

போய்ட்டு வாங்க. அந்த அண்ணன் 'இறங்கு தம்பி, முழங்கால் அளவு போதும்'னு சொன்னா, முழங்கால் அளவோட நில்லுங்க. அலை வந்து காலடி மணலை உருவும்போது வர்ற அந்தக் கிச்சுக்கிச்சுக்கு அவ்வளவு ஆழமே போதும்!